வீட்டுக் கணினியின் சாவி யார் கையில்?

வக்ஃப் சொத்துகளைப் பதிவு செய்வதற்காக ஒன்றிய அரசு 2025 ஜூன் 6 அன்று திறந்த 'உமீத்' இணையதளம், ஆறு மாதக் கெடு முடிந்து டிசம்பர் 6 அன்று மூடப்பட்டது. கெடுவை நீட்டிக்கக் கோரிய மனுக்களை டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தேவைப்படுவோர் வக்ஃப் தீர்ப்பாயங்களை அணுகலாம் என்று சொல்லிவிட்டது. அரசு வெளியிட்ட கணக்கின்படி நாடு முழுவதும் 5,17,040 சொத்துகளுக்குப் பதிவு தொடங்கப்பட்டது. அவற்றில் 2,16,905 சொத்துகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2,13,941 சொத்துகள் சமர்ப்பிக்கப்பட்டுப் பரிசீலனையில் நின்றன. 10,869 நிராகரிக்கப்பட்டன.

அந்தச் சட்டத்தின் நியாய அநியாயங்கள் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே நாம் பேச வருவது அதை ஒட்டிய இன்னொரு விஷயம். அந்த ஆறு மாதத்தில் நமது முத்தவல்லிகளும் ஜமாஅத் இளைஞர்களும் ஒரு புதிய ஒழுங்கைப் பழகிக்கொண்டார்கள். உமீத் தளத்தில் மூன்று படிகள் உண்டு: விவரத்தை ஏற்றுபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர். முத்தவல்லி விவரத்தை ஏற்றலாம். தமக்குத் தாமே ஒப்புதல் கொடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல், தனி எல்லை. யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது.

ஆனால் அந்தப் பத்திரங்களை ஸ்கேன் செய்து ஏற்றிய கணினி எப்படி இருந்தது? பல மஹல்லாக்களில் அது ஜமாஅத் அலுவலகக் கணினிகூட இல்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளையின் மடிக்கணினி. வீட்டில் எல்லோரும் புழங்கும் கணினி. கடவுச்சொல் கிடையாது, இருந்தாலும் எல்லோருக்கும் தெரியும். திறந்தவுடன் வரும் ஒரே கணக்கில் தம்பி கேம் விளையாடுகிறான், அக்கா தேர்வுக்கு விண்ணப்பிக்கிறாள், அத்தாவின் பி.எஃப். கணக்கு திறக்கப்படுகிறது. அதே கணக்கின் டவுன்லோட்ஸ் போல்டரில்தான் பள்ளிவாசலின் நூறாண்டுப் பத்திரமும் கிடக்கிறது.

அரசுத் தளத்தில் மூன்று பூட்டுகள். நம் வீட்டில் ஒரு தாழ்ப்பாள்கூட இல்லை. இந்த முரண்பாட்டைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை, ஒரு மாலை நேரம் போதும் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

மடிக்கணினி வீட்டுக்கு வரும்போது

2025 மார்ச்சில் தாக்கலான தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. இதற்கு முன் 2011 செப்டம்பரில் தொடங்கிய பழைய திட்டத்தில், அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களைச் சென்றடைந்தன. தமிழகத்தில் ஏராளமான ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்குள் கணினி முதன்முதலாக நுழைந்தது இப்படித்தான்.

வடசென்னையின் விம்கோ நகரை எடுத்துக்கொள்வோம். தீப்பெட்டி செய்த விம்கோ தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய பகுதி இது. ஒருபுறம் திருவொற்றியூர், இன்னொருபுறம் எர்ணாவூர், அதைத் தாண்டினால் எண்ணூர். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ ரயில் இங்கு வரை நீண்ட பிறகு, நகரத்துக் கல்லூரிகளுக்குப் போய்வருவது பிள்ளைகளுக்கு எளிதாகிவிட்டது. பெற்றோரில் பலர் தொழிற்சாலைகளிலும், துறைமுகத்தை நம்பிய வேலைகளிலும், ஒப்பந்தக் கூலியாகவும் உழைப்பவர்கள். இந்த வீடுகளில் மடிக்கணினி என்பது மாணவருடைய தனிச்சொத்தாக இருப்பதில்லை. வந்த மறுநாளே அது குடும்பத்தின் கணினியாகிவிடுகிறது.

2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோதும் இதுதான் நடந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை என்றதும், வீடுவீடாக ஆவணங்களைத் தேடி எடுத்தார்கள். ஆதார், பிறப்புச் சான்று, பழைய வாக்காளர் பட்டியலின் பக்கங்கள் எல்லாம் படமெடுக்கப்பட்டு இதே கணினிகளில் சேர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் ஆவணங்களும் கூடவே சேர்ந்தன. இன்று அவை எங்கே இருக்கின்றன, யாரால் திறக்க முடியும் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது.

எல்லாக் கதவையும் திறக்கும் சாவி

கணினியில் இரண்டு விதமான கணக்குகள் உண்டு. ஒன்று நிர்வாகிக் கணக்கு. விண்டோஸில் இதன் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர். மற்றொன்று சாதாரணக் கணக்கு. இதன் பெயர் ஸ்டாண்டர்ட் யூசர்.

நிர்வாகி எந்த மென்பொருளையும் நிறுவலாம், நீக்கலாம். வைரஸ் தடுப்பை அணைக்கலாம். பிறருடைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றலாம். பிறருடைய கோப்புகளைத் திறக்கலாம். சாதாரணக் கணக்குக்காரர் தம் வேலையை முழுமையாகச் செய்யலாம்: எழுதலாம், படிக்கலாம், இணையத்தில் உலவலாம், அச்சிடலாம். கணினியின் அடித்தளத்தில் கைவைக்க மட்டும் அவரால் முடியாது.

தொழிற்சாலை கேட் பாஸை அறிந்த வடசென்னை மக்களுக்கு இது எளிதில் புரியும். உள்ளே நுழைய அனுமதி உள்ள எல்லோரும் ஸ்டோர் ரூமைத் திறக்க முடியாது. ஸ்டோர் ரூம் சாவி வைத்திருப்பவரும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இந்தப் பிரிவினை புதிதல்ல. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸ் இயங்குதளத்திலேயே 'ரூட்' என்ற நிர்வாகிக் கணக்கு தனியாகவும் மற்றவர்கள் தனியாகவும் இருந்தார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என மூன்று வகுப்பாரும், படிக்க, எழுத, இயக்க என மூன்று அனுமதிகளும் வகுக்கப்பட்டன. ஒருவருக்கு அவரது வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் மட்டுமே தர வேண்டும் என்ற விதி கணினிப் பாதுகாப்பின் அடிப்படையாக 50 ஆண்டுகளாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் வீட்டுக் கணினிகளில் பரவிய விண்டோஸ் எக்ஸ்பியில், அமைக்கும்போது உருவாகும் கணக்குகள் எல்லாமே நிர்வாகிகளாக இருந்தன. 2007இல் வந்த விஸ்டாவில்தான், முக்கிய மாற்றம் செய்யும்முன் திரையை மங்கலாக்கி அனுமதி கேட்கும் வழக்கம் வந்தது.

இன்றும் ஒரு பழக்கம் மாறவில்லை. புதிய விண்டோஸ் கணினியை முதலில் திறந்து அமைக்கும்போது உருவாகும் முதல் கணக்கு நிர்வாகிக் கணக்குதான். பெரும்பாலான வீடுகளில் அந்த முதல் கணக்கே ஒரே கணக்காகவும் இருக்கிறது. ஆகவே வீட்டில் உள்ள அனைவரும், ஏழு வயதுப் பிள்ளை உட்பட, நாள் முழுவதும் நிர்வாகியாகவே கணினியில் உட்கார்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? நிர்வாகிக் கணக்கில் இருப்பவரிடம் விண்டோஸ் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே கேட்கும். பழகிய விரல் படிக்காமலே 'ஆம்' என்று அழுத்திவிடும. சாதாரணக் கணக்கில் இருப்பவரிடம் அது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். கடவுச்சொல் தெரியாத பிள்ளை எழுந்து போய்ப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். அந்த அரை நிமிடத் தாமதத்தில் "இது என்ன? எதற்கு நிறுவுகிறாய்? எங்கிருந்து இறக்கினாய்?" என்று கேட்க ஒருவர் கிடைக்கிறார். இலவசமாகக் கிடைக்கும் திருட்டு மென்பொருளுடனும், கேம் விளையாட இறக்கும் 'சீட்' கோப்புடனும்தான் தீய நிரல்கள் அதிகம் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

இதற்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சாதாரணக் கணக்கில் இயங்கும் தீய நிரலும், அந்தக் கணக்குக்காரரின் கோப்புகளைப் படிக்கும், அழிக்கும், பூட்டிப் பணம் கேட்கும். வித்தியாசம் என்னவென்றால், பெரும்பாலும் சேதம் அந்த ஓர் அறையோடு நின்றுபோக வாய்ப்புண்டு. நிர்வாகிக் கணக்கில் என்றால் வீடு முழுவதும் போகும். அதனால்தான் தனிக் கணக்குகளோடு, முக்கியக் கோப்புகளின் நகலை வெளி வட்டில் எடுத்து, எடுத்த பின் கழற்றி வைக்கும் பழக்கமும் வேண்டும்.

பழைய இலவச மடிக்கணினி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. சுவரில் விழுந்த ஓட்டையைக் கணக்குப் பிரிவினை மட்டும் அடைத்துவிடாது. அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்கு மாறுவது பழைய கணினிகளுக்கு ஒரு வழி.

பார்ப்பது ஆபத்து, எழுதுவது பேராபத்து

கணினிப் பாதுகாப்பு என்றதும் "என் கோப்பை யாரும் பார்த்துவிடக் கூடாது" என்றே எண்ணுகிறோம். நம் கணினியில் நாம் அறியாமல் யாரேனும் எழுதிவைத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் வழக்கு இதற்குச் சாட்சி. பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். பிரதிவாதித் தரப்பின் வேண்டுகோளின்படி அவரது கணினியின் நகலை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம், 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2014 முதல், 2019 ஜூனில் கணினி பறிமுதல் செய்யப்படும் வரை, தொலைவிலிருந்து ஒருவர் அதைக் கையாண்டதாகவும், 40க்கும் மேற்பட்ட கோப்புகளை அதில் புகுத்தியதாகவும் அந்த அறிக்கை கூறியது. அதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினி பற்றி 2021இல் வந்த அறிக்கையும் இதே போன்றதுதான். 2016 ஜூனில் வந்த ஒரு மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்ததிலிருந்து ஊடுருவல் தொடங்கியது என்றும், மறைக்கப்பட்ட ஒரு போல்டரில் கடிதங்கள் வைக்கப்பட்டன என்றும், அவற்றை அவர் திறந்ததற்கான தடயமே இல்லை என்றும் அது சொன்னது. இந்த முடிவுகளைப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. இறுதித் தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது.

இத்தகைய திட்டமிட்ட ஊடுருவலை ஒரு சாதாரணக் கணக்கு தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 'நம் கணினியில் யாருக்கெல்லாம் எழுதும் அனுமதி இருக்கிறது' என்ற கேள்வி ஒரு மனிதரின் சுதந்திரத்தையே தொடக்கூடியது என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. பறிமுதல் செய்யப்பட்ட கணினியில் உள்ள ஒரு கோப்பு, விசாரிப்பவருக்கு அந்தக் கணினிக்காரரின் கோப்புதான். எல்லோரும் ஒரே கணக்கில் புழங்கும் வீட்டில், விருந்தாளிப் பையன் இறக்கிய ஒரு காணொளிக்கும் வீட்டுக்காரரே பதில் சொல்ல நேரலாம். தனித்தனிக் கணக்கு இருந்தால், யார் கணக்கில் எது வந்தது என்பதற்காவது ஒரு தடம் இருக்கும்.

கோப்புகளின் எல்லைச் சுவர்கள்

தனித்தனிக் கணக்கு திறந்துவிட்டால் எல்லாம் தனித்தனியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. விண்டோஸில் ஒவ்வொருவருக்கும் சி டிரைவில், யூசர்ஸ் என்ற இடத்தில், அவர் பெயரில் ஒரு போல்டர் உருவாகும். அவரது டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள் இருக்கும். அதைச் சாதாரணக் கணக்குள்ள இன்னொருவர் திறக்க முடியாது.

ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் "சி டிரைவில் வைத்தால் விண்டோஸ் போனால் போய்விடும்" என்று டி டிரைவில்தான் எல்லாவற்றையும் வைக்கிறார்கள். வழக்கமாக அமைக்கப்படும் டி டிரைவில், அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அங்கே நாமே அனுமதியை மாற்றி அமைத்தாலொழிய சுவர் கிடையாது. பென் டிரைவின் நிலை இன்னும் மோசம். அவற்றில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற வடிவங்களில் அனுமதி என்ற ஏற்பாடே இல்லை. கையில் எடுத்தவர் திறக்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. விண்டோஸை மறுபடி நிறுவிய பின், பழைய கோப்பைத் திறந்தால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வருவதைப் பலர் கண்டிருப்பார்கள். அதே பெயரில் கணக்கு வைத்திருந்தும் ஏன் இப்படி? விண்டோஸ் உரிமையாளரைப் பெயரால் அறிவதில்லை. உள்ளே தான் வழங்கிய ஒரு நீண்ட எண்ணால் அறிகிறது. புதிதாக நிறுவியதும் எண் மாறிவிடுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு என்றே அது கருதும். அப்போது நிர்வாகி, அந்தப் போல்டரின் பிராபர்ட்டீஸில் செக்யூரிட்டி, பிறகு அட்வான்ஸ்டு என்று போய், உரிமையாளரைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். தேவையான போல்டருக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டும். அவசரத்தில் முழு சி டிரைவுக்கும் செய்துவிட்டால் விண்டோஸே இடறும். 'எவரிஒன்' என்ற பெயருக்கு முழு அனுமதி கொடுத்துத் தகராறை முடித்துவைப்பதும் சில கடைகளில் நடக்கும் குறுக்குவழி. அது பூட்டைச் சரிசெய்வதற்குப் பதில் கதவைக் கழற்றி எறிவது.

மேலும், இந்த அனுமதிகள் எல்லாம் கணினி இயங்கும்போது மட்டுமே காவல். வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், அங்கே நிர்வாகியாக இருப்பவர் திறந்துவிடுவார். அதைத் தடுப்பது வட்டையே குறியாக்கம் செய்து பூட்டும் முறை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, வசதியுள்ள கணினியைப் புதிதாக அமைத்து மைக்ரோசாப்ட் கணக்கால் நுழைந்தால், பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்த மைக்ரோசாப்ட் கணக்கில் போய்ச் சேர்கிறது.

இங்கேதான் நம் குடும்பங்கள் ஏமாறுகின்றன. கணினியை அமைத்துத் தரும்படி கடையில் கொடுக்கிறோம். நம்மிடம் மின்னஞ்சல் முகவரி கைவசம் இல்லை என்றதும், கடைக்காரர் உதவும் எண்ணத்திலேயே தம்முடைய முகவரியைப் போட்டு அமைத்துவிடுகிறார். முதல் கணக்கு அவருடையது, நிர்வாகி அவர், மீட்புச் சாவியும் அவரிடம். இரண்டு வருடம் கழித்து மதர்போர்டு மாற்றியபின் திரை நீல நிறமாகி அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்போது, அந்தக் கடை இருக்குமா, அவருக்கு நினைவிருக்குமா? சாவி இல்லையென்றால் கோப்புகளை மீட்க வழியே இல்லை. திருமணப் படங்களும், இறந்துபோன பெற்றோரின் குரல் பதிவுகளும், பள்ளிவாசல் பத்திரமும் அப்படியே உள்ளே உறைந்துபோகும்.

அனுமதி கேட்பது சந்தேகமா?

"வீட்டுக்குள்ளேயே பூட்டு எதற்கு? ஒருவரையொருவர் நம்பவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு நமது மார்க்கத்தில் தெளிவான விடை இருக்கிறது. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையும்படி கட்டளையிடும் சூரா அந்நூர், அத்துடன் நிற்கவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே, பருவமடையாத பிள்ளைகளும் ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் என்ற மூன்று நேரங்களில் அனுமதி கேட்க வேண்டும் என்று 58ஆம் வசனம் சொல்கிறது. பருவமடைந்த பின் எப்போதும் கேட்க வேண்டும் என்கிறது அடுத்த வசனம். பார்வையைக் காப்பதற்காகவே அனுமதி கேட்பது விதிக்கப்பட்டது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. தாய் தந்தையை நம்பாததால் வந்த சட்டமில்லை இது. நம்பிக்கை நிறைந்த வீட்டிலும் எல்லை வேண்டும் என்ற பண்பாடு.

இன்று நம் பெண் பிள்ளைகளின் குடும்பப் படங்கள் கணினியில் இருக்கின்றன. அதே கணினியில் தம்பியின் நண்பர்கள் புராஜெக்ட் செய்ய வந்து உட்கார்கிறார்கள். அறைக்குத் திரை போடும் நாம், அந்தப் படங்கள் இருக்கும் போல்டருக்குத் திரை போடவில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே. ஒரே கணக்கில் உட்காருபவர் அத்தாவின் பி.எஃப். கணக்கிலும், அம்மாவின் மின்னஞ்சலிலும் கேட்காமலே நுழைந்துவிடலாம்.

அப்படியானால் வீட்டில் யார் நிர்வாகி? குடும்பத் தலைவர் என்பதால் அவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை. கணினி பழகாத தந்தை ஒரு சீட்டில் எழுதிய கடவுச்சொல்லை யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம். கவனமும் பொறுமையும் உள்ளவர் யாரோ, அது மகளாக இருந்தாலும், அவரிடம் இருக்கட்டும். ஒரு நகல் எழுதி மூடிய உறையில் வீட்டுப் பத்திரங்களோடு பெற்றோரிடம் இருக்கட்டும். அவருக்கும் அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும். நிறுவும் வேலை வரும்போது மட்டும் நிர்வாகிச் சாவியை எடுக்க வேண்டும்.

நிர்வாகியாக இருப்பவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. பிறருடைய போல்டரைத் திறக்கும் ஆற்றல் அவருக்கு இருக்கிறது. அது திறப்பதற்கான உரிமை ஆகிவிடாது. அது அமானிதம். சிறு பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கண்காணிப்பது கடமை. அதையும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. வளர்ந்த பிள்ளைகளின், மனைவியின், சகோதரியின் கோப்புகளைத் துருவுவதற்கு நிர்வாகிக் கணக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

வெளியாளுக்குச் சாவி கொடுக்காதீர்

வீட்டுக்குள் இவ்வளவு செய்துவிட்டு, தொலைபேசியில் பேசும் அந்நியருக்குச் சாவியைக் கொடுத்தால் பயனில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம், கேஒய்சி முடிக்க வேண்டும், இந்தச் செயலியை இறக்குங்கள் என்று சொல்பவர்கள் கேட்பது நம் திரையையும் விசைப்பலகையையும்தான். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியை மோசடிக்காரர்கள் இப்படிப் பயன்படுத்துவது குறித்து 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. செயலி நல்லதுதான், அழைப்பவர் யார் என்பதே கேள்வி. எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

ஜமாஅத் அலுவலகம் கவனிக்க

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, பல நாட்கள் நோயாளிகளின் பதிவைக் கையால் எழுத நேர்ந்தது. வலைப்பின்னலைப் பகுதி பகுதியாகச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் விளக்கியது. ஓர் அறையில் நுழைந்தவர் எல்லா அறைகளுக்கும் போக முடிந்தது என்பதே அதன் பொருள். நாட்டின் முதன்மையான மருத்துவமனைக்கே இது நேர்ந்தது என்றால், ஒரே கணினியில் எல்லாவற்றையும் குவித்து வைத்திருக்கும் ஜமாஅத் அலுவலகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நிக்காஹ் பதிவேடு, மணமக்களின் ஆதார் நகல், தலாக் மற்றும் குலா தகராறுகளின் கடிதங்கள், ஜகாத் பெறும் ஏழைகளின் பட்டியல் என நம் அலுவலகங்களில் இருப்பவை மனிதர்களின் மானம் தொடர்பானவை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. தனிமனிதர் தம் வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் விவரங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. பிறருடைய விவரங்களைச் சேகரித்துக் கணினியில் வைக்கும் ஜமாஅத், அந்த விலக்கு தனக்கும் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. ஜமாஅத் கோப்பு செயலாளரின் வீட்டுக் கணினியில் இருப்பது இனி வசதிக் குறைவு மட்டுமல்ல, பொறுப்புக் குறைவும் ஆகும்.

உமீத் தளத்தில் பழகியதை இங்கேயும் கொண்டுவரலாம். நிக்காஹ் பதிவேட்டை எழுதுபவருக்கு எழுதும் அனுமதி. தலைவருக்கும் பொருளாளருக்கும் படிக்கும் அனுமதி. கணக்குக்காரருக்கு வரவு செலவுப் போல்டர் மட்டும். நிர்வாகம் மாறும்போது பீரோச் சாவியோடு கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைக்கப்பட வேண்டும். புதியவர் அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். பழைய நிர்வாகியின் கணக்கை முதலில் முடக்கி, கோப்புகளைச் சரிபார்த்த பிறகு நீக்க வேண்டும்.

ஒரு மாலையில் செய்ய வேண்டியவை

முதலில், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியைத் திறந்து, இப்போதுள்ள கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது, அட்மினிஸ்ட்ரேட்டர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரருடைய முகவரியாக இருந்தால், உங்கள் முகவரியில் புதிய நிர்வாகிக் கணக்கை உருவாக்கி, கோப்புகளை அதற்கு மாற்றிய பின் பழையதை நீக்குங்கள்.

இரண்டாவது, வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போன்றது.

மூன்றாவது, அதே அக்கவுண்ட்ஸ் பகுதியில் அதர் யூசர்ஸ் என்ற இடத்தில் வீட்டில் கணினி புழங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டாண்டர்ட் கணக்கு திறந்து, தனிக் கடவுச்சொல் வைக்கச் சொல்லுங்கள். நிர்வாகி உட்பட எல்லோரும் அன்றாடம் அதிலேயே நுழையட்டும்.

நான்காவது, டி டிரைவில் கிடக்கும் தனிப்பட்ட கோப்புகளை அவரவர் டாகுமென்ட்ஸ் போல்டருக்கு மாற்றுங்கள். எல்லோருக்கும் பொதுவானவற்றை பப்ளிக் என்ற போல்டரில் வையுங்கள். பிறருக்காக ஸ்கேன் செய்த ஆதார், பத்திரம் போன்றவற்றை உரியவரிடம் கொடுத்துவிட்டு அழித்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

ஐந்தாவது, முக்கியமானவற்றை வெளி வட்டில் நகலெடுத்துக் கழற்றி, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

விம்கோ நகரிலோ எர்ணாவூரிலோ ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, கணினி தெரிந்த நான்கு மாணவர்கள் பள்ளிவாசல் வளாகத்தில் உட்கார்ந்தால் ஒரு மஹல்லாவின் மடிக்கணினிகளை இப்படிச் சீர்செய்துவிடலாம். கடவுச்சொல்லை மட்டும் அவர்கள் பார்க்காமல், உரியவரே தட்டச்சு செய்யட்டும். கெடு நெருங்கிய நாட்களில் இரவு பகலாக உட்கார்ந்து வக்ஃப் பத்திரங்களை ஏற்றிய அதே இளைஞர்களால் இது நிச்சயம் முடியும், இன்ஷா அல்லாஹ்.